அட்டையில் விழுந்த கோடு

சிறுநீரை வைத்தே சிறுநீர்ப்பைப் புற்றைக் கண்டுபிடிக்கும் புது மெஷின் உங்கள் லேபுக்கு வருகிறது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். குழாய் விட வேண்டாம், ஊசி குத்த வேண்டாம், ஒரு டப்பா மூத்திரம் போதும் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? அதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் அக்கா என்று கேட்டீர்கள். நல்ல வார்த்தைகளை மெஷின் கொண்டுவரும் கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்து சொல்லுவார். அவர் சொல்லாத ஒன்றை நான் எழுதுகிறேன். எழுத எனக்கு இஷ்டமில்லை. ஓய்வு பெற்ற பிறகாவது இதை மறந்துவிடலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

உங்கள் மெஷினுக்குப் பல வருஷம் முந்தியே எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு அட்டை வந்தது. உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் அட்டை. நாலு சொட்டு மூத்திரம் விட்டுக் காத்திருக்க வேண்டும். புற்று செல்கள் உதிர்க்கிற ஒரு புரதம் மூத்திரத்தில் அதிகமாக இருந்தால் அட்டையில் கோடு விழும். பெட்டி வந்த அன்று நான் தலைகால் புரியாமல் இருந்தேன். மைக்ராஸ்கோப்பில் கண் வலிக்கத் தேடுகிற ஒன்றை இது கோடு போட்டுக் காட்டுகிறதே என்று. கூடவே வந்த துண்டுத்தாளில், கல் இருந்தாலும், நாங்கள் பழுப்பு என்று சொல்கிற சீழ் இருந்தாலும் இந்தக் கோடு விழலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாசித்தேன். பொடி எழுத்தைப் பொடி விஷயமாகவே எடுத்துக்கொண்டேன்.

முதலில் மாட்டியவர் அருமனைப் பக்கத்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர். சர்க்கரைக்காக வந்தவர். மூத்திரத்தில் கொஞ்சம் ரத்தம் தெரிந்தது, டாக்டர் அட்டை டெஸ்டும் எழுதியிருந்தார். கோடு பளிச்சென்று விழுந்தது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? எங்கள் நோய்க்கூறு டாக்டரிடம் காட்டி, அவர் ஸ்லைடைப் பார்க்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்திருக்க வேண்டும். நானோ ரிப்போர்ட்டில் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டு, வெளியே இருந்த அவருடைய மனைவியிடம், "சீக்கிரமா திருவனந்தபுரம் கொண்டு போங்கம்மா, வச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றும் சொல்லிவிட்டேன். அந்த அம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்கள்.

திருவனந்தபுரத்தில் குழாய்க் கேமரா விட்டுப் பார்த்தார்கள். உள்ளே இருந்தது ஒரு கல்.

பதினோராவது நாள் அவர் லேபுக்கு வந்தார். கூட்டமான நேரம். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் வகுப்பில் கணக்கு சொல்லித் தருகிற குரலில் பேசினார்.

"பிள்ளே, பத்து நாளு நான் செத்துக் கெடந்தேன். எனக்க வீட்டுக்காரி கஞ்சி குடிக்கல்ல. ரப்பர் தோட்டத்த மூணு மக்களுக்கும் பங்கு வச்சு எழுதிக் குடுத்தாச்சு. இப்பம் நான் சாவல்ல. இனி அவனுவக்கிட்ட போய் திரும்பத் தாங்கன்னு எப்பிடிக் கேக்க?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவர் போன பிறகு எங்கள் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். மெலிந்த மனிதர், கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அன்று நெடுநேரம் துடைத்தார்.

"அட்டைக்குக் கண்ணு கெடையாது. ஒனக்கு உண்டு, இல்லியா?" என்றார். "பழுப்போ கல்லோ உண்டுமான்னு பாக்காம கோட்டக் கண்டு குதிச்சிருக்கே. இனிமே சந்தேகமான எதையும் ரிப்போர்ட்டுல ஏத்தாதே. மொதல்ல பழுப்புக்கு மருந்து குடுக்கட்டும், பொறவு இன்னொருக்கா பாரு."

அதிலிருந்து எங்கள் லேபில் ஒரு வழக்கம் வந்தது. பழுப்போடு சேர்ந்து கோடு விழுந்தால் முடிவைப் பதிவேட்டில் பென்சிலால் எழுதுவோம். ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவோம். மருந்து முடிந்து நோயாளி திரும்பி வந்து, இரண்டாவது டெஸ்டும் பார்த்த பிறகுதான் பேனாவால் எழுதுவது. நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் சொன்னோம். நோயாளி திரும்பி வராவிட்டால் என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிலோமி அக்கா முட்டத்துக்காரி. காலை பஸ்ஸில் அலுமினிய மீன் சருவத்தோடு வந்து இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கள் குவார்ட்டர்ஸ் வழியே விற்றுக்கொண்டு போவாள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை, ஆனால் வெள்ளைக் கோட்டுப் போட்ட எல்லோரும் அவளுக்கு சிஸ்டர்தான். பிரியம் மிஞ்சினால் மக்கா. நான் வாங்குவது சாளையும் நெத்திலியும். "பாரை எடுத்துத் திண்ணா ஒனக்க ஆஸ்பத்திரி இடிஞ்சா போவும்?" என்று கேலி செய்தபடியே அளவுக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடுவாள்.

ஒரு நாள் மீனை வெட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள்.

"சிஸ்டரே, ஒண்ணுக்குப் போம்ப செவப்பாப் போகு. எரிச்சலும் உண்டு. எனக்கு நின்னு போன பொறவும் இது எங்கேருந்து வருகு?"

"பேடிக்காண்டாம் அக்கா, நாளைக்கு ஓ.பி.யில காட்டிட்டு லேபுக்கு வாங்க" என்றேன்.

எங்கள் லேபில் மீன் விற்கிற பெண்களின் மூத்திரம் என்றாலே பார்ப்பதற்கு முன்பே ஒரு முடிவு இருக்கும். காலை முதல் மதியம் வரை தெருத்தெருவாக நடப்பவர்கள். ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வெள்ளம் குடிக்க மாட்டார்கள். அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு வரும், பழுப்பு வரும், ரத்தமும் வரும். வருஷக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும் முன்பே "பழுப்பு நிறைய" என்று கை எழுத ஆரம்பித்துவிடும். அவர்களுக்கும் வேறு நோய் வரலாம் என்பது எங்களுக்குத் தெரியாதது அல்ல. நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

மறுநாள் கூட்டம் நெரிந்தது. எங்கள் டாக்டர் மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிலோமி அக்காவின் மூத்திரத்தில் நினைத்தபடியே பழுப்பு இருந்தது. ரத்தமும் நிறைய. ஓ.பி. டாக்டர் அட்டை டெஸ்டும் எழுதியிருந்தார், வைத்தேன். கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது புற்று அல்ல. தலைமையாசிரியரின் குரலும், சிரித்த இரண்டு பேரும்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஸ்லைடைப் போட்டுப் பார்த்தேன். பழுப்பு செல்களுக்கு நடுவே இரண்டு மூன்று இடத்தில் உட்கரு கறுத்த செல்கள் கூட்டமாகத் தெரிந்தன. பழுப்பில் கிடந்து சிதைந்ததாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஸ்லைடை ஒரு ஓரமாக எடுத்து வைத்து, மறுநாள் டாக்டர் வந்ததும் காட்டியிருந்தால் அரை நிமிஷ வேலை. வெளியே முப்பது பேர் டோக்கனோடு நின்றார்கள். பதிவேட்டில் பென்சிலால் எழுதினேன், ரிப்போர்ட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன், அடுத்த டப்பாவை எடுத்தேன்.

இரண்டு நாள் கழித்துக் குவார்ட்டர்ஸ் வாசலில் சருவத்தை இறக்கி வைத்தாள்.

"சிஸ்டரே, அந்த அட்டையில என்ன வந்து?"

என் கையில் மீன் சட்டி. பக்கத்து வீட்டு நர்ஸும் மீன் வாங்க நின்றுகொண்டிருந்தாள். இந்த இடத்தில் வைத்து எதைச் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். வாயால் சொன்னால் போதும் என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லக்கா. பழுப்பு உண்டு. மருந்த முழுசும் குடிச்சிட்டு வாங்க, இன்னொருக்கா பாத்திருவோம்."

பொய் சொன்னேனா என்று கேட்டால், இல்லை. திரும்பி வரச் சொன்னேன். பழுப்பு ஆறிய பிறகு மறுபடி பார்ப்பதும் முறையானதுதான். ஆனால் பயந்து போயிருக்கிற ஒருத்தியிடம் முதல் வார்த்தையாக "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்கிற எதுவும் அவள் காதில் விழாது. அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். பார்த்து எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அன்றைக்கு மீனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

மருந்தில் எரிச்சல் நின்றது. ரத்தமும் நின்றது. இந்த நோயில் ரத்தம் தானாக வரும், தானாக நிற்கும், மாதக்கணக்கில் காணாமலும் போகும் என்பதை நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன். வாரம் இரண்டு தடவை அவளைப் பார்த்தேன். "எப்பிடி இருக்கு அக்கா?" என்று கேட்பேன். "சொகமாட்டு இருக்கு மக்கா" என்பாள். ஒருக்கா வந்து டப்பாவில் பிடித்துத் தந்துவிட்டுப் போங்களேன் என்று சொல்ல வாய் வரும். சருவத்தைத் தூக்கிவிடச் சொல்லுவாள், தூக்கிவிடுவேன், அவள் போய்விடுவாள். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவேன். பதிவேட்டில் அந்தப் பக்கம் தாண்டி, அந்தப் பதிவேடே நிறைந்து அலமாரிக்குப் போயிற்று.

ஏழு மாதம் கழிந்தது. மழை தொடங்கியிருந்த சமயம், இரண்டு வாரமாக அவளைக் காணவில்லை. கடலில் போக முடியவில்லை, மீன் இல்லை என்று நினைத்தேன். ஒரு காலையில் அவசரப் பிரிவிலிருந்து ரத்தம் பார்க்கக் கூப்பிட்டார்கள். போனால் கட்டிலில் பிலோமி அக்கா. ரத்தம் கட்டி கட்டியாக அடைத்து ஒண்ணுக்குப் போக முடியாமல் கிடந்தாள். வலியிலும் என்னைப் பார்த்து, "சிஸ்டர் வந்தாச்சு, இனி கொழப்பமில்ல" என்று மகளிடம் சொன்னாள். அவள் முகத்தைப் பார்க்காமல் ரத்தம் எடுத்தேன்.

ஸ்கேனில் தெரிந்தது. திருவனந்தபுரத்துக்கு அனுப்பினார்கள். கட்டி சிறுநீர்ப்பையின் தசைக்குள் இறங்கியிருந்தது. பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு வெளியே ஒரு பை ஒட்டினார்கள். ஏழு மாதம் முந்தி அது மேலோட்டமாக இருந்திருக்கும், குழாய் வழியாகவே சுரண்டி எடுத்திருக்கலாம் என்று நிச்சயமாகச் சொல்ல எவராலும் முடியாது. இருந்திருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். அந்த "இருந்திருக்கலாம்" எனக்குப் போதும்.

அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய் எங்கள் டாக்டரின் மேஜையில் திறந்து வைத்தேன். ஸ்லைடையும் தேடி எடுத்திருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அதிக நேரம் எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார், திட்டுவார் என்று காத்து நின்றேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. அவர் கழற்றவில்லை.

"வாத்தியாருக்கிட்ட நீ கேட்ட பேச்ச இந்த அம்மைக்க தலையில எறக்கி வச்சிட்டே" என்றார். பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "ஒன்ன அண்ணைக்குப் பயப்பட வச்சது நானுந்தான்" என்றார். அந்த வாரமே பென்சில் வழக்கத்தை நிறுத்தினார். சந்தேகம் என்றால் சந்தேகம் என்றே ரிப்போர்ட்டில் எழுத வேண்டும், எப்போது திரும்பி வர வேண்டும் என்று தேதி போட வேண்டும், வராவிட்டால் யார் தேடிப் போவது என்று பெயர் எழுத வேண்டும் என்றார். முதல் பெயராக என்னுடையதையே எழுதினேன்.

உங்கள் புது மெஷினுக்கும் இதுதான். அந்த அட்டை தேடியது ஒரு புரதத்தை, இது தேடுவது மரபணுவில் வந்த மாற்றத்தை. அட்டையைவிட நூறு மடங்கு கெட்டிக்கார மெஷின், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இல்லாததை உண்டு என்று சில தடவை சொல்லும், இருப்பதை இல்லை என்றும் சில தடவை சொல்லும். சின்னதாக, சாதுவாக இருக்கிற கட்டி அதன் கண்ணில் படாமலே போகும். ஐம்பது தாண்டியவருக்கு ரத்தம் போயிருந்தால், மெஷின் என்ன சொன்னாலும் குழாய்க் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் நிற்கிறவர் மீன்காரியா, வாத்தியாரா என்று பார்த்து முடிவை முன்கூட்டியே எழுதாதீர்கள். ஒரு தப்பில் பட்ட அவமானம் அடுத்த தப்பைத் தூக்கிக்கொண்டு வரும். நான் இரண்டாவது தப்பைச் செய்தபோது ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடித்திருக்கலாம். முட்டத்துக்குப் போனதையும் சொல்லாவிட்டால் நான் உங்களிடமும் பாதியை மறைத்தவள் ஆவேன்.

அவள் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்துப் போனேன். போகாதே, சட்டப்படி வம்பாகும் என்று லேபில் ஒருவர் தடுத்தார். போனேன். லைட்ஹவுஸுக்குக் கீழே இறங்குகிற தெருவில் வீடு. பிலோமி அக்கா பாதியாகியிருந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வயிற்றுப் பையைச் சேலையால் மூடிக்கொண்டாள். மகள் ஜெனி சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்த ஏழு மாதத்துக்கு இடையில்தான் கல்யாணமாகியிருந்தது.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். அன்று அட்டையில் கோடு விழுந்தது, நான் அதை எழுதவில்லை, உங்களிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னேன், அது என் தப்பு. இவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அழக்கூடாது என்று பஸ்ஸில் வரும்போதே தீர்மானம் செய்திருந்தேன், அதுவும் நடக்கவில்லை.

அவள் கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டாள்.

"போட்டு மக்கா, அத விடு. நீ அண்ணைக்கே சொல்லியிருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். இவளுக்குக் கல்யாணம் ஒறப்பிச்சிருந்து. கல்யாணத்த வச்சுக்கிட்டு எங்கேருந்து திருவனந்தபுரம் போக? எனக்க தலையெழுத்து. நீ சாயா குடி."

குடித்தேன். அத்தனை நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது என்று வெட்கத்தோடு எழுதுகிறேன். அவளே போயிருக்க மாட்டாள் என்றால் என் தப்பினால் எதுவும் மாறவில்லை, இல்லையா? அந்த எண்ணத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அவள் உயிரோடு இருந்தாள்.

ஜெனி பஸ் ஸ்டாப் வரை கூட வந்தாள். நிறுத்தத்தில் நின்ற பிறகு, கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மை சொன்னத நம்பாதீங்க. நீங்க சங்கடப்படக் கூடாதுன்னு சொல்லுகா. கல்யாணத்த ஒரு மாசம் தள்ளி வச்சிட்டாவது நான் கொண்டு போயிருப்பேன். எனக்கு அந்தக் கல்யாணமா பெருசு?"

நான் என்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"வீட்டுக்கு எந்தப் பேப்பர் வந்தாலும் அம்மை எனக்க கையிலதான் தருவா. ஒங்க ரிப்போர்ட்டையும் தந்தா. அட்டை டெஸ்டுன்னு ஒரு வரி இருந்து, எதிரே ஒண்ணும் எழுதல்ல. இதென்னம்மா வெறுதே கெடக்குன்னு கேட்டேன். அது ஒண்ணுமில்ல பிள்ளே, சிஸ்டர் வாயால சொல்லியாச்சுன்னு சொன்னா. சிஸ்டர் சொன்னா பொறவு நான் என்ன கேக்க?"

பஸ் வளைவில் திரும்புவது தெரிந்தது. அவள் என் பையை என் கையில் கொடுத்தாள்.

"அம்மைக்குத்தான் வாசிக்கத் தெரியாது, சிஸ்டர். எனக்குத் தெரியும்."